கடல் கடந்து வரும் வண்ணம்

நிறத்துக்காகக் காத்திருத்தல் ஓவியர்க்குப் புதிதன்று. முற்காலத்தில் ஐரோப்பிய ஓவியர் பெரிதும் விரும்பிய ஆழ்ந்த நீலம், ஆப்கானித்தானத்துப் படக்சான் மலைகளில் அகழ்ந்தெடுத்த கல்லினின்றும் பெறப்பட்டது. ‘அல்ட்ராமரைன்’ என்னும் அதன் பெயருக்குப் பொருளே ‘கடலுக்கு அப்பாலது’ என்பதாம்.

இந்நாளிலோ கைப்பேசியில் விரல் வைத்த மாத்திரத்தே வண்ணம் வாங்கிவிடுகின்றோம். ஆயினும், வாங்குதல் விரைந்ததேயன்றிக் கடல் குறுகிற்றில்லை. 2023 ஆம் ஆண்டின் இறுதியிற் செங்கடலிற் கப்பல்கள் தாக்கப்படவே, பல கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வரலாயின. பயணம் ஏறக்குறைய 10 முதல் 14 நாள் நீண்டது. அக்காலத்தில் மாணவரின் சித்திரக் கண்காட்சிக்கென யாம் இங்கிலாந்திலிருந்து வரவழைத்த நீர்வண்ணப் பெட்டிகள் குறித்த நாளில் வந்தில. மாணவருட் சிலர்க்கு அதுவே கல்லூரியில் இறுதி ஆண்டு. “பெட்டி எப்போது வரும், சேர்?” என நாடோறும் வினவியோர்க்கு விடைகூற இயலாது வருந்தினோம்.

ஈற்றில், கண்டிக்கால ஓவியர் விளாம்பிசினில் நிறம் குழைத்த முறையை எடுத்துரைத்தோம். மாணவர் விளக்குக்கரியும் செம்மண்ணும் மஞ்சளும் கொணர்ந்து பிசினிற் குழைத்தனர். மஞ்சள் வெயிலில் விரைந்து வெளிறுதலையும் தாமே கண்டறிந்தனர். கண்காட்சி குறித்த நாளிலேயே நிகழ்ந்தது. நீலம் மட்டும் இல்லை. வானத்தை வெற்றுத்தாளாகவே விட்டிருந்தனர். அவ்வெண்மையை நோக்கிப் பலர் நெடுநேரம் நின்றனர்.

பெட்டிகள் பின்னர் வந்து சேர்ந்தன. நாள் பல முன்னரே வேண்டுவன வரவழைத்தல் அறிவுடைமை. வாராதவிடத்துக் கையிலுள்ளதைக் கொண்டு கருமம் முடித்தல் கல்வியின் பயன். அப்பயன் எம் கல்லூரியில் என்றும் நிலைப்பதாக!