256 பைட்டில் ஒரு கோலம்

நான் முதல்முதலா டெமோ பார்த்தது, அது டெமோன்னே தெரியாமப் பார்த்ததுதான். ரெண்டாவது படிக்கறப்போ பெரியப்பா வீட்ல ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்துச்சு. அண்ணன் ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கின சிடியிலேர்ந்து கேம் ஏத்துவான். (ஒரிஜினல் சிடியான்னு யாரும் கேட்கப்படாது.) ஏத்தி முடிச்சதும் சீரியல் நம்பர் கேட்கும். உடனே இன்னொரு குட்டி ஃபைலைத் திறப்பான். தீப்பெட்டி அளவுல ஒரு ஜன்னல், அதுக்குள்ள எழுத்தெல்லாம் பாம்பு மாதிரி நெளிஞ்சு ஓடும். கூடவே டுடுடிங் டுடுடிங்னு ஒரு பாட்டு. நம்பர் வந்ததும் அண்ணன் மூடிடுவான். "கேம் வேணாம்ணா, அந்தப் பாட்டை வை"ன்னு அழுத ஒரே பையன் மறைமலை நகர்லயே நானாத்தான் இருப்பேன்.

அதுக்குப் பேரு கீஜென். அதைத் தோண்டிக்கிட்டே போனப்பதான் டெமோசீன் கிடைச்சுது. 1980கள்ல கமடோர் 64 மாதிரி கம்ப்யூட்டர்கள்ல பசங்க கேம்களோட பூட்டை உடைச்சு ஊருக்கெல்லாம் குடுப்பாங்க. உடைச்சவன் தன் பேரைப் போட்டுக்கணுமே! கேம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஓடற மாதிரி பேர், படம், பாட்டு எல்லாம் சேர்த்து ஒரு சின்ன அறிமுகம் வைப்பாங்க. போகப்போக யார் கேமை உடைச்சாங்கறதை விட யார் அறிமுகம் அட்டகாசம்ங்கறதுதான் போட்டியாச்சு. கடைசில கேமே கழண்டுடுச்சு, அறிமுகம் மட்டும் தனிக் கலையா நின்னுடுச்சு. திருட்டுல பொறந்த கலைதான், மறைக்க ஒண்ணுமில்ல. 2020ல ஃபின்லாந்து இதைத் தன்னோட தேசிய மரபுப் பட்டியல்ல சேர்த்துச்சு. அடுத்த வருஷமே ஜெர்மனியும் சேர்த்துச்சு.

கூடல்னு ஒண்ணு நடக்கும். ஃபின்லாந்துல அசெம்ப்ளி 1992லேர்ந்து நடக்குது. ஜெர்மனியில சார்ப்ரூக்கன்ங்கற ஊர்ல 2011லேர்ந்து ஈஸ்டர் விடுமுறைக்கு ரிவிஷன். பெரிய மண்டபம், வரிசையா மேசை, மேசைக்கு அடியில தூங்கற ஆளுங்க. அவங்கவங்க செஞ்சதைப் பெரிய திரையில போடுவாங்க, கூட்டம் பார்த்து ஓட்டுப் போடும். அளவுதான் விளையாட்டே. 64 கிலோபைட்டுக்குள்ள ஒரு பிரிவு, 4 கிலோபைட்டுக்குள்ள ஒண்ணு, 256 பைட்டுக்குள்ளயும் ஒண்ணு. 2009ல 4 கிலோபைட்டுக்குள்ள பனிமலை, ஏரி, இசைன்னு ஒரு முழு நிலப்பரப்பையே ஓட்டின எலிவேட்டட்னு ஒண்ணு இருக்கு. பார்த்துட்டு ஒரு வாரம் பிரமை பிடிச்ச மாதிரி திரிஞ்சேன்.

256 பைட்னா எவ்வளவுன்னு நம்ம பாஷையில சொல்றேன். யூனிகோட்ல 'மறைமலை நகர்'னு ஒரு தடவை எழுத 31 பைட் ஆகும். எட்டுத் தடவை எழுதினா 248. ஒன்பதாவதுக்கு இடமில்ல. (தனித்தமிழுக்காகத் தன் பேரையே மாத்திக்கிட்டவரோட பேர்ல இருக்கற ஊர்ல உட்கார்ந்து டெமோ, பைட், கீஜென்னு எழுதறேன். அடிகளார் மன்னிக்கணும்.)

சரி, வீட்டுக்கு வருவோம். எங்க வீட்ல 'கேம்'ங்கறது கெட்ட வார்த்தை. காரணம் பப்ஜி இல்ல. பப்ஜி சமயத்துல எனக்கும் திட்டு விழுந்துச்சுதான். 2019 மார்ச்ல ராஜ்கோட்ல பப்ஜி ஆடினதுக்கு மாணவர்களைக் கைது பண்ணின செய்தியை அப்பா சத்தமா வாசிச்சுக் காட்டினார். 2020 செப்டம்பர் 2ஆம் தேதி மத்திய அரசு 118 செயலிகளைத் தடை பண்ணப்போ அதுல பப்ஜியும் இருந்துச்சு. அம்மா பாயசம் வைக்காத குறைதான். பிள்ளைங்க கெட்டுப்போறாங்கன்னு தடை பண்ணினதா அம்மா இன்னைக்கு வரைக்கும் நம்பறாங்க. அரசு சொன்ன காரணம் நாட்டோட பாதுகாப்பு. கால்வான் மோதல் நடந்து மூணு மாசம் ஆகல, சீனத் தொடர்புள்ள செயலிங்க எல்லாத்துக்கும் ஆப்பு விழுந்த நேரம் அது. அடுத்த வருஷமே பிஜிஎம்ஐன்னு பேர் மாத்திக்கிட்டு வந்துச்சு, 2022 ஜூலைல மறுபடி காணாமப் போச்சு, 2023 மே மாசம் திரும்ப வந்துச்சு. எங்க தெருப் பசங்க பெருசா அலட்டிக்கல.

எங்க வீட்டுக் காரணம் சித்தப்பா. ஒரகடத்துல ஒரு கம்பெனியில ஷிஃப்ட் வேலை. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் கம்பெனி பஸ். பஸ்ல தூங்குவார்னுதான் எல்லாரும் நெனச்சோம். அவர் ரம்மி ஆடிக்கிட்டிருந்தார். முதல்ல நூறு, அப்புறம் ஆயிரம், அப்புறம் சித்தியோட வளையல். விஷயம் வெளிய வந்தப்போ ரெண்டேகால் லட்சம் போயிருந்துச்சு. அன்னைக்கு ராத்திரி சித்தப்பா சாப்பிடாம மொட்டை மாடியில நின்னுக்கிட்டிருந்தார். அப்பா கீழ இறங்காம அவர் கூடவே விடியற வரைக்கும் உட்கார்ந்திருந்தார். ஏன்னு எனக்கு அப்போ புரியல.

"இது திறமை விளையாட்டு, சூதாட்டம் கிடையாது"ன்னு சித்தப்பா சொல்லுவார். சும்மா சொல்லல, விளம்பரத்துல அப்படித்தான் வந்துச்சு. கோர்ட்லயும் அந்த வாதம் நின்னுச்சு. 2021 ஆகஸ்ட்ல சென்னை உயர்நீதிமன்றம் தமிழ்நாட்டோட முதல் தடைச் சட்டத்தை ரத்து பண்ணுச்சு. அப்புறம் நீதிபதி சந்துரு குழு, 2022 அக்டோபர்ல புதுச் சட்டம், ஆளுநர் திருப்பி அனுப்பினது, 2023 ஏப்ரல்ல ஒப்புதல். அதே வருஷம் நவம்பர்ல, ரம்மியும் போக்கரும் திறமை சார்ந்ததுதான்னு சொல்லித் தடைப் பட்டியல்லேர்ந்து அது ரெண்டையும் மட்டும் கோர்ட் எடுத்துடுச்சு.

திறமை இருக்கு, ஒத்துக்கறேன். சித்தப்பாவுக்குச் சீட்டு நல்லாவே ஆட வரும். திருவிழா ராத்திரியில அவர் ஆடிப் பார்த்திருக்கேன். ஆனா அங்க எதிர்ல உட்கார்ந்திருக்கறவன் மூஞ்சி தெரியும். கையில காசு தீர்ந்தா எழுந்துடணும். விடிஞ்சா ஆட்டம் முடிஞ்சுடும். அந்தச் செயலியில விடியவே விடியாதே. 2025 பிப்ரவரியில தமிழ்நாட்டு விதிமுறை வந்துச்சு. காசு வச்சு ஆடற விளையாட்டு எதுவும் ராத்திரி 12 மணியிலேர்ந்து காலைல 5 மணி வரைக்கும் கூடாதுன்னு. இதைப் படிச்சதும் சரியான இடத்துல கை வச்சிருக்காங்கன்னுதான் எனக்குத் தோணுச்சு.

அந்த விதிமுறையே ரெண்டு மாசம் கழிச்சு என் தலையில விழும்னு எனக்கு எப்படித் தெரியும்?

ஐரோப்பாவுல ஒரு சின்னக் கூடல். (பேர் வேண்டாம், நான் வாங்கின இடத்தைத் தேடிடுவீங்க.) இணையம் வழியாவும் அனுப்பலாம்னு போட்டிருந்தாங்க. 256 பைட் பிரிவுக்குச் சிக்குக் கோலம் போடலாம்னு முடிவு பண்ணினேன். பழைய டாஸ் முறை, 320க்கு 200 திரை. திரையை அந்த நிலைக்குக் கொண்டுவரவே நாலு பைட் போயிடும். முழுக் கோலத்தையும் வரைஞ்சா இடம் பத்தாது, அதனால கால்வாசியை மட்டும் வரைஞ்சு நாலு பக்கமும் கண்ணாடி மாதிரி திருப்பிப் போட்டேன். பெருமையா அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினா, ஒரே பார்வைதான். "கம்பி புள்ளி மேல ஏறுது பாரு. இது கோலமா?" அந்த ஒரு தப்பைச் சரி பண்ண 9 பைட் ஆச்சு. அதுக்கு இடம் பண்ண இசையையே தூக்கிட்டேன்.

அப்புறம்தான் ஒண்ணு தெரிஞ்சுது. லோக்கல் ரயில்ல அரைமணி நேரத் தூரத்துல இருக்கற தாம்பரத்துல, கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருதிவாசனோட சேர்ந்து, 1974லயே கோலத்தைக் கணினிக்கான இலக்கணமா எழுதி ஆராய்ச்சிக் கட்டுரை போட்டிருக்காங்க. டெமோசீனே பொறக்காத காலம்! நான் என்னமோ புதுசாக் கண்டுபிடிச்ச மாதிரி குதிச்சுக்கிட்டிருந்தேன்.

போட்டி அன்னைக்கு அங்க ராத்திரி ஒன்பது மணி, நமக்குப் பன்னிரண்டரை. இருட்டுல லேப்டாப்பை வச்சுக்கிட்டு நேரலை பார்க்கறேன். பின்னாடி அப்பா.

"என்னடா அது?"

"போட்டிப்பா."

"கேமா?"

நான் யோசிச்ச அந்த ரெண்டு நொடிதான் தப்பு. "பன்னண்டு மணிக்கு மேல ஆடக்கூடாதுன்னு கவர்மெண்டே சொல்லிடுச்சு. உன் சித்தப்பாவைப் பார்த்துமா புத்தி வரல?" கை லேப்டாப் மூடி மேல வந்துடுச்சு. கோபத்துல கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன். அந்தக் கை நடுங்குச்சு. மொட்டை மாடி ராத்திரி அவர் ஏன் கீழ இறங்கலைன்னு அப்பதான் எனக்கு உறைச்சுது.

"காசு இல்லப்பா. சத்தியமா ஒரு ரூபாய் கூட இல்ல. என் கோலம் வரும், ஒரு நிமிஷம் இருங்க."

நின்னார். எனக்கு முன்னாடி நாலு பேரோடது ஓடுச்சு, ஒண்ணுல ஏதோ சுரங்கம், இன்னொண்ணுல கடல். அப்புறம் கறுப்புத் திரையில புள்ளி, புள்ளியைச் சுத்தி வெள்ளைக் கம்பி. அம்மா மார்கழியில போடற அதே வளைவு. யாரோ ரெண்டு பேர் கைதட்டற சத்தம் கேட்டுச்சு. அப்பா முழுசாப் பார்த்துட்டு, "சீக்கிரம் படு"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டார். 11 பேர்ல 9ஆவது இடம்.

2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ எதுவா இருந்தாலும் ஆன்லைன்ல காசு வச்சு ஆடற ஆட்டமே கூடாதுன்னு சட்டம் நிறைவேத்துச்சு. சித்தப்பா அதைப் பத்தி ஒண்ணும் பேசல. அடுத்த ஞாயித்துக்கிழமை வந்தவர்கிட்ட அம்மாவே வலியப் போய் கோலத்தைக் காட்டினாங்க.

"இதுக்கு எவ்வளவு கட்டணும்?"

"ஒண்ணும் கட்ட வேணாம் சித்தப்பா."

"ஜெயிச்சா?"

"கைதட்டுவாங்க."

கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கிட்டிருந்தார். "அந்த ஓரத்துல ஒரு புள்ளி காலியா நிக்குதே"ன்னார். நிஜமாவே நிக்குது. அம்மா கண்ணுக்கே தப்பியிருக்கு. என்கிட்ட மிச்சம் மூணு பைட்தான் இருக்கு, அதுல எப்படி அடைக்கறதுன்னு ஒரு மாசமா மண்டையைப் பிச்சுக்கிட்டிருக்கேன். யாருக்காவது அசெம்ப்ளி தெரிஞ்சா சொல்லுங்கப்பா.