பைபரைத் தட்டி நிமிர்த்த முடியாது

வண்டியை ரெக்கவரி லாரியிலிருந்து இறக்கும் முன்பே அதன் சொந்தக்காரர் ஒரு அரிசிப் பையை என் கையில் கொடுத்தார். உள்ளே சிவப்புச் சில்லுகள். பெரியது உள்ளங்கை அகலம், சிறியது புளியங்கொட்டை அளவு. ஒரகடம் கூட்டு ரோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வேன் இடித்துவிட்டுப் போயிருக்கிறது. சுற்றி நின்றவர்கள் வேன் நம்பரைப் பார்த்தீர்களா என்று கேட்டுக்கொண்டிருக்க, இவர் ரோட்டில் குனிந்து துண்டு பொறுக்கியிருக்கிறார். "இதெல்லாம் உதவுமா தம்பி?" என்று கேட்டார். "இது இருந்தால்தான் சார் வேலையே" என்றேன்.

வந்தது ஒரு சிப்பானி டால்ஃபின். படப்பையில் என் ஷெட்டுக்கு வேலை கேட்டு வரும் பையன்களுக்கு இந்தப் பெயர் தெரியாது. ஐ.டி.ஐ. முடித்து ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் கம்பெனி கார்களைப் பார்த்து வளர்ந்தவர்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. பெங்களூரில் சிப்பானி கம்பெனி 1982-ல் இதை விட்டது. இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டன் வண்டிதான் மூலம். 848 சிசி அலுமினிய இன்ஜின், இரும்புச் சேஸிஸ், அதன்மேல் முழுக்க பைபர் பாடி. அடுத்த வருஷக் கடைசியில் மாருதி 800 வந்ததும் ஜனங்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். ஆனால் எடை குறைவு என்பதால் சோழவரம் ரேஸிலும் ராலிகளிலும் டால்ஃபினுக்குத் தனி மதிப்பு இருந்தது. இன்றைக்கு ஓடும் நிலையில் இருப்பவை கொஞ்சம்தான். கடைக்குப் போய் பென்டர் வாங்கி மாட்ட வழியில்லை. உடைந்ததை நாம்தான் உண்டாக்க வேண்டும்.

தகடு அடிபட்டால் மடங்கும், நசுங்கும், ஆனால் இருக்கும். டிங்கர் சுத்தியலையும் டாலியையும் வைத்து அதைப் பழைய இடத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். பைபர் அப்படியில்லை. மடங்க வேண்டிய நேரத்தில் உடைந்துபோகும். அடியும் ஓரிடத்தில் நிற்காது, உள்ளேயே ஓடும். இந்த வண்டியில் இடித்தது இடது முன் மூலையில், ஹெட்லைட் பக்கம். கண்ணுக்குத் தெரிந்த ஓட்டை ஒன்றரை அடி. கதவு ஓரம்வரை ரூபாய்க் காசால் தட்டிக்கொண்டே போனேன். நல்ல இடத்தில் 'டக் டக்' என்று வரும். உள்ளே கண்ணாடி நூல் மேட் பிரிந்திருந்தால் 'பொத்' என்று கேட்கும். சாக்பீஸால் வட்டம் போட்டு முடித்தபோது சேதம் நான்கடி.

அது போதாது. பெயிண்டையும் அதற்கு அடியில் இருக்கும் ஜெல்கோட்டையும் தேய்த்து எடுத்துவிட்டு, ராத்திரி ஷெட் விளக்கை அணைத்து, வீல் ஆர்ச்சுக்குள் ஒரு பல்பை விட்டுப் பாருங்கள். நல்ல பைபர் தேன் நிறத்தில் ஒளிரும். வெடிப்பு வெள்ளைக் கோடாகத் தெரியும். காற்று பிடித்த இடம் பால் சிந்தின மாதிரி இருக்கும். பகலில் ஒரு கோடு கூடத் தெரியாத இடத்தில் அன்றைக்கு எனக்கு மூன்று கோடுகள் கிடைத்தன.

இதை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் என் மேஸ்திரி. அவர் கார் வேலைக்காரர் இல்லை. காசிமேட்டுப் பக்கம் பைபர் படகு கட்டிய கை. கட்டுமரம் போய் பைபர் படகு வந்துகொண்டிருந்த காலத்தில் தொழில் படித்தவர். பிறகு ரேஸ் வண்டிக்காரர்கள் மூக்கு உடைந்த பாடிகளைத் தூக்கிக்கொண்டு அவரிடம் வர ஆரம்பித்தார்கள். நான் சேர்ந்தபோது எனக்கு 19 வயது. முதல் மூன்று மாசம் அவர் என்னைப் பிரஷ் பிடிக்க விடவில்லை. மேட்டைக் கிழிக்கத்தான் விட்டார். கத்தரியால் வெட்டினால் ஓரம் சுவர் மாதிரி நிற்கும், பெயிண்டுக்கு மேலே கோடாகத் தெரியும். கையால் கிழித்தால் நூல் நூலாகப் பிரிந்து, கீழே இருப்பதோடு கரைந்துபோகும். கண்ணாடி நூல் விரலில் ஏறி நாள் முழுக்க அரிக்கும். சோறு பிசையக் கஷ்டப்பட்டிருக்கிறேன். அவர் விரல்களில் அந்த அரிப்பு எப்போதோ நின்றுபோயிருந்தது.

பிரஷ் கொடுத்த அன்று அவர் சொன்னது இரண்டே வார்த்தை: "குத்து, இழுக்காதே." பெயிண்ட் அடிக்கிற மாதிரி இழுத்தால் மேட் கலைந்து கூடவே வந்துவிடும். ரெசினைத் தொட்டு, மேலிருந்து கீழே குத்திக் குத்தி நனைக்க வேண்டும். வெள்ளையாக இருந்த மேட் மெல்லக் கண்ணாடியாகி அடியில் இருப்பது தெரியும். அப்புறம் இரும்பு ரோலர். அதை உருட்டும்போது 'சர சர' என்று ஒரு சத்தம் வரும், காற்று வெளியேறுகிற சத்தம். அந்தச் சத்தம் நிற்கும்வரை உருட்டச் சொல்வார். அவர் கை ரெசினில் ஒருபோதும் அவசரப்பட்டதில்லை. ஆனால் நின்றதும் இல்லை.

அளவு சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மேட் ஒரு கிலோ என்றால் ரெசின் இரண்டரை கிலோவுக்குள். கூடினால் பலம் கூடாது, உடையும் தன்மைதான் கூடும். ஹார்ட்னர் ஒரு கிலோ ரெசினுக்கு 10-லிருந்து 15 கிராம். சித்திரை வெயிலில் 10 போதும். அதற்கும் கீழே இறங்கினால் கடைசிவரை முழுசாகப் பிடிக்காது, ஒட்டலாகவே கிடக்கும். வெயில் காலத்தில் நான் காலை 6 மணிக்கு ஆரம்பித்து 10 மணிக்குள் லேயர் போடுவதை முடித்துவிடுவேன். மழை நாளில் போடுவதே இல்லை. மேட் ஈரம் குடித்திருந்தால் அந்த வேலை நிற்காது.

இன்னொன்று. ரெசினைச் சீக்கிரம் பிடிக்க வைக்கிற கோபால்ட்டை முதலில் ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்கிவிட்டு, பிறகுதான் ஹார்ட்னர். இரண்டும் நேருக்கு நேர் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். என் ஷெட்டில் இரண்டு பாட்டிலும் ஒரே அலமாரியில் இருக்காது. கற்றுக்கொள்கிற நாளில், மிச்ச ரெசினை ஒரு மக்கில் அப்படியே வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது மக்கு புகைந்துகொண்டிருந்தது. ஆழமான பாத்திரத்தில் ரெசின் தன் சூட்டிலேயே வெந்துவிடும் என்று அன்றைக்குத் தெரிந்தது. மேஸ்திரி திட்டவில்லை. மக்கை மணலில் கவிழ்த்துவிட்டு, தட்டையான தட்டு ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். இன்றும் தட்டில்தான் கலக்குகிறேன்.

டால்ஃபினுக்கு வருகிறேன். அரிசிப் பைச் சில்லுகளை பெஞ்சில் பரப்பி, ஓரத்துக்கு ஓரம் பார்த்து இரண்டு நாள் பொருத்தினேன். ஹெட்லைட்டைச் சுற்றின வளைவு முக்கால்வாசி கூடி வந்துவிட்டது. டேப் போட்டு வண்டியில் நிறுத்தி, உள்பக்கம் ஒரு மெல்லிய லேயர் போட்டதும் வடிவம் நின்றது. மீதி, பம்பருக்குக் கீழே, அடியோடு போயிருந்தது. வலது பக்கத்தைப் பார்த்துச் செய்துவிடலாம் என்று புதிதாக வருபவர்கள் நினைப்பார்கள். இடதும் வலதும் கண்ணாடிப் பிம்பம்; அச்சு எடுத்தால் பொருந்தாது. அதே இடது பக்கம் இன்னொரு வண்டியில் வேண்டும். சாருக்குத் தெரிந்த இன்னொரு டால்ஃபின்காரர் தன் வண்டியை நம்பி ஒரு நாள் விட்டுவிட்டுப் போனார். அச்சு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அவர் பெயிண்டின் மேல் ஆறு கோட் வாக்ஸ் தேய்த்தேன். ஒவ்வொரு கோட்டும் காய்ந்து, துடைத்து, அடுத்தது. அதன்மேல் பிவிஏ ஒரு கோட். அச்சைக் கழற்றும்போது என் கை நடுங்கியது உண்மை. ஒரு கீறல் இல்லாமல் வந்தது.

உடைந்த ஓரத்தைத் தேய்ப்பதில்தான் ஒட்டு நிற்பதும் விழுவதும் இருக்கிறது. பாடி கனம் 3 மில்லி என்றால் அதற்கு 12 மடங்கு, அதாவது ஏறக்குறைய ஒன்றரை அங்குல அகலத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும். ஓட்டையைப் பட்டியால் அடைத்து மேலே மெழுகுகிறவர்கள் உண்டு. அது ஒரு வருஷ வேலை. சரிவில் பெரிய துண்டை முதலில் வைத்து, சிறிசை மேலே வைத்து வருவேன். 450 கிராம் மேட் மூன்று லேயர், பாடியின் பழைய கனம் வந்துவிடும். தேய்க்கும்போது முகத்தில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள். நல்ல மாஸ்க் போடுங்கள். ரெசின் நாற்றத்துக்கும் பியு பெயிண்டுக்கும் அதற்கான கார்ட்ரிட்ஜ் மாஸ்க் தனி. என்னோடு வேலை செய்த இரண்டு பேர் இருமலோடுதான் வீட்டுக்குப் போனார்கள். குளிக்கும்போது முதலில் பச்சைத் தண்ணீர். வெந்நீர் வேண்டாம்.

இனிமேல்தான் பொறுமை. தனியாகக் கடை போட்ட புதிதில் ஒரு வண்டியை நான்கே நாளில் ஒட்டி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துக் கொடுத்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது. கல்யாணத்துக்கு வேண்டும் என்று அவசரப்படுத்தியிருந்தார்கள். இரண்டு மாசம் கழித்துக் கத்திரி வெயிலில் அந்த வண்டி திரும்பி வந்தது. பெயிண்டுக்கு அடியில் ஒட்டின் உருவம் அப்படியே தெரிந்தது. மேட்டின் நூல்கூட எண்ணலாம் போல இருந்தது. கைக்குக் கெட்டியாகத் தெரிந்தாலும் ரெசின் உள்ளே வாரக்கணக்கில் சுருங்கிக்கொண்டே இருக்கும். பெயிண்ட் அடித்த பிறகு சுருங்கினால் பெயிண்டையும் உள்ளே இழுக்கும். காசு வாங்காமல் முழுக்கத் திரும்பச் செய்து கொடுத்தேன். மேஸ்திரியிடம் சொன்னபோது, "வெயில்ல போட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

போடவில்லை. அதுதான் தப்பு. ஒட்டு முடிந்ததும் கறுப்பு பிரைமர் ஒரு கோட் அடித்து வண்டியை வெயிலில் நிறுத்திவிட வேண்டும். கறுப்பு சூட்டை இழுக்கும். சுருங்க வேண்டியதெல்லாம் அங்கேயே சுருங்கிவிடும். இங்கே சுற்றியிருக்கும் ஃபேக்டரிகளில் தகட்டு பாடியை 160 டிகிரிக்கு மேல் அடுப்பில் சுட்டு எடுக்கிறார்கள். பைபரை அப்படிச் சுட்டால் தொய்ந்துவிடும். நமக்கு அடுப்பு படப்பை வெயில்தான். டால்ஃபின் மூன்று வாரம் ஷெட்டுக்கு வெளியே நின்றது. சார் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் டீ குடித்துவிட்டுப் போனார்.

மூன்று வாரத்துக்குப் பிறகு பிளாக் வைத்துத் தேய்த்தபோது ஒட்டு ஓரத்தில் பள்ளம் விழுந்திருந்தது தெரிந்தது. முடி கனம். அதற்கு மட்டும் பட்டி. பிரைமர் முழுசாக மூடும்வரை வாட்டர் பேப்பர் எடுக்கக் கூடாது. திறந்த நூல் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு பின்னால் கொப்புளமாகத் துப்பும். பழைய பெயிண்டை எடுக்க ரிமூவரும் வேண்டாம். தகட்டுக்கு அது நல்லது, பைபரில் ஜெல்கோட்டையே ஊற வைத்துத் தின்றுவிடும். உப்புத்தாளும் கையும்தான்.

சிவப்பு கஷ்டமான நிறம். மூடும் சக்தி குறைவு. சாம்பல் பிரைமர்மேல் ஒரு சிவப்பு, வெள்ளைமேல் வேறு சிவப்பு. வெயிலில் வெளுப்பதும் அதுதான் முதலில். அதனால் பக்கத்துக் கதவை முதலில் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்து அதன் சொந்த நிறத்தை வெளியே கொண்டுவந்தேன். பிறகு கலக்கி, அட்டையில் அடித்து, முழுசாகக் காயவிட்டு, காலை பத்து மணி வெயிலில் ஒருமுறை, நிழலில் ஒருமுறை வைத்துப் பார்த்தேன். பதினோராவது அட்டையில் ஒத்துவந்தது. பதினோரு அட்டைகளையும் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன், பையன்கள் பார்க்கட்டும் என்று.

எல்லாம் மாட்டி முடித்து ஸ்விட்சைப் போட்டால் இடது ஹெட்லைட் எரியவில்லை. பல்ப் நல்லது, பியூஸ் நல்லது. என் பையன் அரை மணி நேரம் தேடினான். பைபரில் கரன்ட் ஓடாது. தகட்டு வண்டியில் பாடியே எர்த். இதில் ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயர் சேஸிஸ்வரை போக வேண்டும். கழற்றும்போது அந்தக் கறுப்பு வயரை அவன் ஓரமாகச் சுற்றி வைத்திருந்தான்.

வீல் ஆர்ச்சுக்குள் தேய்த்தபோது பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கதவுப் பக்கம் ஒரு பழைய ஒட்டு இருந்தது, பல வருஷத்துக்கு முந்தியது. வேன் இடித்த வெடிப்பு அதன் ஓரம்வரை ஓடிவந்து நின்றுவிட்டிருந்தது. விளக்கு பிடித்துப் பார்த்தேன். மேட் கையால் கிழித்தது. ஒரு பால் துளி இல்லை. எந்த ஊர் மேஸ்திரியோ. கிரைண்டரை அங்கே கொண்டுபோகவில்லை. என் ஒட்டை அதன் ஓரத்திலேயே முடித்துக்கொண்டு, உள்பக்கம் நிறம் கலக்காத ஜெல்கோட் மட்டும் பூசினேன். அடுத்த முறை யாராவது திறந்தால் ஒட்டு எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

வண்டி எடுக்க வந்த அன்று சார் டார்ச்சை வாங்கிக்கொண்டு குனிந்து உள்ளே பார்த்தார். "இதில் எது உங்களுடையது?" என்றார். காட்டினேன். பழையதையும் காட்டினேன். இரண்டையும் விரலால் தடவிப் பார்த்தார். ஒரு மாசத்துக்குக் கவர் போடாதீங்க, வாக்ஸ் தேய்க்காதீங்க என்று சொல்லி, அரிசிப் பையில் மிஞ்சியிருந்த நாலைந்து சில்லுகளைக் கொடுத்தேன். அடுத்த பெயிண்டருக்கு நிறம் பார்க்க உதவும்.