மரமும் மனமும்

கட்டளைவரியில் தரவுகளைக் கையாளும் ஆய்வு மாணவர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால், எனக்கு நேர்ந்த பிழை ஒன்றை இங்கே பதிவு செய்கிறேன்.

வீடு சித்தூரில், ஆய்வு திருப்பதியில். வீட்டில் மடிக்கணினி, துறையில் மேசைக்கணினி, இரண்டிலும் லினக்ஸ். இரு ஊர்களின் பேச்சுத்தமிழிலிருந்து திரட்டிய சொற்பட்டியல்களை ஒப்பிட்டு, சித்தூரில் மட்டும் வழங்கும் சொற்களைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. திருப்பதிப் பட்டியலைத் துறையிலேயே ‘சார்ட்’ கட்டளையால் வரிசைப்படுத்தி எடுத்துவந்தேன். சித்தூர்ப் பட்டியலை வீட்டில் வரிசைப்படுத்தி, இரண்டையும் ‘காம்’ கட்டளையிடம் கொடுத்தேன். எதிர்பார்த்ததைவிட நீண்ட தனிச்சொற் பட்டியல் கிடைத்தது. அதை நம்பி இயலின் வரைவில் இரண்டு பத்திகளும் எழுதிவிட்டேன்.

மறுநாள் அப்பட்டியலைப் படித்தபோது அதில் ‘மனம்’ இருந்தது. திருப்பதித் தமிழர்க்கு மனம் இல்லையா?

காரணம் ஷெல் அமைப்பில் இருந்தது. சார்ட் வேகமாக இயங்கும் என்று எப்போதோ படித்து, மடிக்கணினியின் பேஷ்ஆர்சி கோப்பில் ‘எல்சி_ஆல்’ மாறிக்கு ‘சி’ என்ற மதிப்பைக் கொடுத்திருந்தேன். அந்நிலையில் எழுத்துகள் யூனிகோடு எண்வரிசையில் அமையும். அதில் னகரம் நகரத்தை அடுத்தே வருவதால், ‘மனம்’ முன்னும் ‘மரம்’ பின்னும் நிற்கும். துறைக் கணினியில் இருந்ததோ இந்திய ஆங்கில வட்டார அமைப்பு. அதன் வரிசையில் னகரம், நம் நெடுங்கணக்கில் உள்ளதுபோலவே, மெய்களின் இறுதியில் நிற்கும். ஆகவே ‘மரம்’ முந்தும். ஒரே வரிசையில் இருப்பதாக நம்பி இரு கோப்புகளையும் நடைபோட்ட காம், பொதுச்சொல்லையே இரு பக்கமும் தனிச்சொல்லாக எழுதிவிட்டது. கோப்பு வரிசையில் இல்லை என்று அது எச்சரிக்கவும் செய்திருக்கிறது. பிழைச்செய்திகள் திரையில் வராதபடி நானேதான் ஒரு சுருக்கக்கட்டளை அமைத்திருந்தேன்.

அன்றே இரு கணினிகளின் அமைப்புக் கோப்புகளையும் ஒரே கிட் களஞ்சியத்தில் சேர்த்தேன். சிக்கல் தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் நம் களஞ்சியம் இல்லாத மூன்றாவது கணினியில், அல்லது நம் ஆய்வைச் சரிபார்க்கும் வேறொருவரின் கணினியில், என்ன ஆகும்? உபுண்டுவின் இயல்பான அமைப்பில் எஸ்எஸ்எச் வழியே நுழையும்போது, நம் பக்கத்து மொழி மாறிகளும் கூடவே செல்கின்றன. ஆகவே ஒரே கணினிகூட, யார் எங்கிருந்து நுழைகிறார்கள் என்பதைப் பொறுத்து வேறு வரிசை தரக்கூடும்.

எனவே இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். சுருக்கக்கட்டளைகள், வண்ணங்கள், தூண்டி வடிவம் போன்ற கைப்பழக்கங்கள் களஞ்சியத்தில் இருக்கும். முடிவை மாற்றக்கூடிய எதுவும் ஆய்வு நிரலுக்குள்ளேயே எழுதப்படும். ஒப்பீட்டு நிரலின் முதல் வரியே இப்போது எல்சி_ஆல் மாறிக்குச் ‘சி’ மதிப்பைத் தருகிறது. பின்னிணைப்பில் அச்சாகும் பட்டியலுக்கு மட்டும் தமிழ் வட்டார அமைப்பு. பிழைச்செய்திகளை மறைத்த அந்தச் சுருக்கக்கட்டளையை நீக்கிவிட்டேன்.

தகவலாளிகளை எப்படித் தேர்ந்தோம், எப்படிப் பதிவு செய்தோம் என்று ஆய்வுமுறை இயலில் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். வரிசைப்படுத்திய முறையையும் அங்கே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

அந்த இரண்டு பத்திகளும் வரைவிலிருந்து போயின. பட்டியல் வெகுவாகச் சுருங்கிவிட்டது. மிஞ்சிய சொற்களை எந்தக் கணினியில் ஒப்பிட்டாலும் அவை மிஞ்சுகின்றன.