சின்ஃபன்டல் இல்லாத மார்ச்

2025 மார்ச் 4, செவ்வாய்

வேலை முடிந்து வரும் வழியில் ஒன்ராறியோ அரச மதுக்கடையான எல்சிபிஓவுக்குள் போனால் கலிபோர்னியாத் தட்டுகள் வெறுமையாகக் கிடக்கின்றன. கனடாச் சாமான்களுக்கு அமெரிக்காவின் 25 வீத வரி இன்றைக்குத் தொடங்கியது. இன்றைக்கே ஒன்ராறியோ முதல்வர் டக் போர்ட் அமெரிக்கப் போத்தல்களை இறக்கச் செய்துவிட்டார். மொத்த வியாபாரமும் எல்சிபிஓவின் கையில் என்பதால் சாப்பாட்டுக் கடைகளுக்கும் இனிக் கிடையாது. 35 மாநிலங்களின் 3,600 வகைச் சரக்காம். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: சனிக்கிழமை ஆட்டிறைச்சிக் கறிக்கு ஒரு சின்ஃபன்டல், கலிபோர்னியாச் சிவப்பு வைன்.

மார்ச் 5

வேலைத்தலத்தில் ஓவர்டைம் இல்லையென்று சொல்லிவிட்டார்கள். கார்ப் பாகங்கள் எல்லை தாண்டினால்தான் எங்களுக்குச் சம்பளம்.

மார்ச் 8, சனி

மச்சான் வந்தார். பிரான்சின் கோத் து ரோன் வைன் வாங்கி வைத்திருந்தேன். ஒரு வாய் குடித்தார். "ஸ்கொட்ச் இருக்கோ?" என்று கேட்டார்.

மார்ச் 15, சனி

கடையில் நிற்கிற தமிழ்ப் பிள்ளை இத்தாலியப் போத்தல் ஒன்றை நீட்டினான். பிறிமிற்றிவோ, மண்டூரியாப் பக்கம். "அங்கிள், நீங்கள் தேடுறதும் இதுவும் ஒரே கொடிதான்."

நம்பவில்லை. இரவு போனில் நோண்டிப் பார்த்தேன். பிள்ளை சொன்னது சரி. 1990களில் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் கரோல் மெரடித்தின் ஆய்வுகூடம் டிஎன்ஏ பார்த்து இரண்டும் ஒன்றே என்று உறுதி செய்திருக்கிறது. ஆனால் இத்தாலியும் மூலமில்லை. குரோஷிய ஆய்வாளர்களோடு சேர்ந்து தேடி, 2001இல் அட்ரியாட்டிக் கரையோரம் காஷ்டெல் நோவியில் ஒரு பழைய தோட்டத்தில் அதே கொடியைப் பிடித்திருக்கிறார்கள். அழிய இருந்த சில கொடிகள். அந்த இனம்தான் 1820களில் வியன்னாவின் அரச நாற்றுத் தோட்டத்திலிருந்து நியூயோர்க் பக்கம் போய், பிறகு கலிபோர்னியாவில் அமெரிக்கனாகிவிட்டது.

மனைவியிடம் சொன்னேன். கறியைக் கிளறிக்கொண்டே கேட்டாள்: "அப்ப உங்கட ஆளுக்கு ஊரில எவடம்?"

"ஸ்பிளிட் பட்டினத்துக்குக் கிட்ட."

"அதுதானே பாத்தன்."

கிளாஸில் கரு ஊதா. வற்றல் பிளம்ஸ் மணம். இந்த இனத்தில் ஒரே குலையில் பச்சைக்காயும் இருக்கும், முந்திரிகைவற்றலாய்ச் சுருண்டதும் இருக்கும். அந்த வற்றல்தான் இனிப்பையும் 14 வீத வெறியையும் கொடுக்கிறது. கண்ணை மூடினால் சின்ஃபன்டல் என்றே சொல்லியிருப்பேன்.

மார்ச் 16

தலையிடி.

மார்ச் 22, சனி

நண்டுக்கறி. மோசல் பள்ளத்தாக்கின் ரீஸ்லிங் கபினெட். வெள்ளை, மதுசாரம் எட்டரை வீதம்தான். உறைப்போடு வெறி கூடிய சிவப்பைக் குடித்தால் நாக்கு இரண்டு மடங்கு எரியும். இது கொஞ்சம் இனிப்பு, நல்ல புளிப்பு. நண்டின் காரத்தை அடக்கிவிட்டு நண்டின் ருசியை விட்டுவைத்தது. வழக்கமாகத் தொடாத மனைவி இரண்டாவது கிளாஸ் கேட்டாள். "இவ்வளவு காலமும் நெருப்புக்கு நெய்யெல்லோ ஊத்தினீங்கள்!"

மச்சான்கூட ஸ்கொட்சை மறந்துவிட்டார்.

ஏப்ரல் 3, வியாழன்

கார்களுக்கும் 25 வீதம், இன்றிலிருந்து. பாகங்களுக்கு எப்போது என்று லஞ்ச் நேரம் முழுக்க வாதம். அடுத்த கிழமைக்கான ஷிஃப்ட் பட்டியல் இன்னும் ஒட்டப்படவில்லை.

பிறிமிற்றிவோவை எல்லோரும் கண்டுபிடித்துவிட்டார்கள் போல. தட்டில் ஒன்றும் இல்லை. இன்னொரு இத்தாலியச் சிவப்பு, மொன்டெபுல்சியானோ டப்றூஸோ இருந்தது, விலையும் குறைவு. ஒன்று எடுத்தேன். இரண்டாவதைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன்.