நகராத புள்ளி

திசை தெரியாத கடலில் விண்மீனைப் பார்த்துக் கலம் செலுத்தினான் பண்டை மனிதன். இன்றைய மனிதனோ தானே செய்து விண்ணில் ஏவிய கோள்களைக் கொண்டு வழி அறிகிறான். ஊர்விட்டு ஊர் சென்றவர் இருக்குமிடத்தைக் கையளவுக் கருவி ஒன்று வீட்டிலேயே காட்டிவிடுகிறது. விந்தைதான். ஆயினும் அவ்விந்தை ஓரிரவு எங்கள் வீட்டின் உறக்கத்தைப் பறித்துவிட்டது.

என் தந்தை லாரி ஓட்டுநர். சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு நாகபுரிக்குச் சென்றிருந்தார். அவருடைய கைப்பேசியில் இருப்பிடம் காட்டும் செயலி ஒன்றைக் கடைக்காரர் போட்டுத் தந்திருந்தார். தெலங்கானாவில் நிர்மல் நகரைத் தாண்டியதும் அப்பாவைக் குறிக்கும் புள்ளி நின்றுவிட்டது. இரவு மணி பத்தாயிற்று, புள்ளி நகரவில்லை. அழைத்தால் தொடர்பு கிடைக்கவில்லை. அம்மா சாப்பிடவில்லை. “காலேஜ் படிக்கிறியே கண்ணு, இது ஏன் நகரமாட்டேங்குதுன்னு பாரு” என்றார்.

புள்ளியின் கீழே சிறிய எழுத்தில், ‘3 மணி நேரத்திற்கு முன்’ என்றிருந்தது. “அப்பா இங்க நிக்கிறார்னு இது சொல்லலம்மா. ஏழு மணிக்கு இங்க இருந்தார்னுதான் சொல்லுது” என்றேன். அம்மா பாதிதான் நம்பினார். விடியற்காலையில் மகாராட்டிர எல்லையிலிருந்து அப்பா அழைத்த பிறகே அடுப்பு எரிந்தது.

செயற்கைக்கோள் மேலிருந்து நம்மைப் பார்க்கிறது என்றே பலரும் எண்ணுகிறோம். அப்படியன்று. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். கோள்கள் தம் இருப்பிடத்தையும் நேரத்தையும் ஓயாமல் அறிவித்தவண்ணம் உள்ளன. கைப்பேசி அவற்றைக் கேட்கிறது, அவ்வளவே. குறைந்தது நான்கு கோள்களின் குறிப்புகளைக் கொண்டு அது தன் இடத்தைக் கணக்கிடுகிறது. நேரத்தில் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் தொலைவில் 300 மீட்டர் பிசகும்! இதுவரை கோபுரம் தேவையில்லை. கணக்கிட்ட இடத்தை வீட்டுக்கு அனுப்பத்தான் கோபுரமும் இணையமும் வேண்டும். காட்டு வழியில் அப்பாவின் கைப்பேசிக்கு அவர் இருக்குமிடம் தெரிந்தே இருக்கலாம். எங்களுக்குச் சொல்லத்தான் வழியில்லை.

ஆனால் காடு கடந்து அப்பா பேசிய பின்னும் புள்ளி நிர்மலிலேயே நின்றதே, அது ஏன்? அவர் ஊர் திரும்பியதும் கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். செயலியைத் திறந்து வைத்திருக்கும்போது மட்டும் இருப்பிடம் அறிய அனுமதி இருந்தது. அதனை ‘எப்போதும்’ என மாற்றினேன். தம்பி அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஏரிக்கரைக்குச் சைக்கிளில் போனான். அம்மாவும் நானும் வீட்டிலிருந்து பார்த்தோம். புள்ளி பாதி வழி சென்று நின்றது. மின்கல சேமிப்பு, திரை அணைந்த சிறிது நேரத்தில் செயலியை உறங்க வைத்துவிடுகிறது என்பது புரிந்தது. அந்தக் கட்டுப்பாட்டை நீக்கினேன். மறுமுறை தம்பி ஏரிக்கரை சேருமுன் அம்மா, “அதோ, கோயில் தாண்டிட்டான்!” என்றார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார் என்று ஆய்வகத்தில் கற்றது வீட்டுக்கும் உதவிற்று.

அப்பா ஒன்று கேட்டார்: “நான் நினைச்சா இதை நிறுத்தவும் முடியுமா?” முடியும் என்று காட்டிக் கொடுத்தேன். “வண்டியத்தான் முதலாளி எந்நேரமும் பாக்கறாரு. நானும் ஒரு மனுசன்தானே” என்றார். அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “நிறுத்தறதுன்னா ஒரு வார்த்தை சொல்லிட்டு நிறுத்துங்க” என்றார். அந்த உடன்பாடு எங்கள் வீட்டில் இன்றும் நிற்கிறது.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் யாரோ ஒருவர் வெளியூர்ப் பாதையில் இருக்கிறார். புள்ளி நின்றால் முதலில் அதன் கீழுள்ள நேரத்தைப் பாருங்கள். பிறகு அனுமதி, மின்கல சேமிப்பு, இணையம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். இதைப் பெற்றோருக்கும் சொல்லிக்கொடுங்கள். நாம் கற்கும் அறிவியல் தேர்வுத்தாளோடு நின்றுவிடாமல், வீட்டில் விழித்திருப்பவரின் அச்சத்தைச் சிறிதேனும் குறைக்கட்டும்.