தீவெண்டு பேர் வச்ச ஊர்கள்

யாழ்ப்பாணத்து ஆட்களுக்குத் தீவுப் பயணம் எண்டால் கணக்குச் சுலபம். குறிகட்டுவானில் படகேறினால் நயினாதீவு, இன்னும் கொஞ்ச நேரம் கடலாட்டத்தைத் தாங்கினால் நெடுந்தீவு. அங்கிருந்து வந்த நண்பன் ஒருவன் எங்களிடம் கேட்டான்: "உங்கட மட்டக்களப்பில போய்ப் பாக்கிற மாதிரித் தீவு ஒண்டும் இல்லையோடா?" கேட்டது காந்தி பூங்காவுக்குப் பக்கத்தில் தேத்தண்ணி குடித்தபடி. அந்த இடம் புளியந்தீவு. தீவுக்குள்ள நிண்டுகொண்டுதான் கேட்டான்.

அவனில் பிழை சொல்ல ஏலாது. பாலத்தில் ஏறி இறங்கிப் பழகின எங்களுக்கே சுற்றிவரத் தண்ணி எண்ட நினைப்பு இல்லை. 1628இல் போர்த்துக்கேயர் இங்கே கோட்டை கட்டினார்கள். பத்து வருசத்தில் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். 1924இல் கல்லடிப் பாலம் வந்தது, 2013இல் அதன் பக்கத்திலேயே புதுப்பாலமும் வந்தது. இப்ப புளியந்தீவு வெறும் டவுண்தான்.

பிறகு வரைபடத்தை விரித்துப் பார்த்தோம். ஏறாவூர்ப் பக்கமிருந்து கல்முனை வரைக்கும் 56 கிலோமீற்றர் அளவுக்கு நீளும் வாவியின் மேற்குக் கரையில் எத்தனை தீவுகள்! வவுணதீவு, மகிழடித்தீவு, முனைத்தீவு, போரதீவு. எல்லாம் படுவான்கரை. சூரியன் படுகிற கரை அது, நாங்கள் இருக்கிறது எழுவான்கரை. அந்த ஊர்களுக்குத் தரைவழியாகவும் போகலாம். அப்ப ஏன் தீவு? நாலுபேர், ரெண்டு மோட்டார் சைக்கிள், ஒரு சனிக்கிழமை. போய்ப் பார்ப்போம் எண்டு வெளிக்கிட்டோம்.

குருக்கள்மடத்தில் பிரதான வீதியை விட்டு வாவிப் பக்கம் இறங்கினால் துறை. அங்கிருந்து அம்பிளாந்துறைக்குப் போகிற ஓடத்தை எங்கட சனம் "பாதை" எண்டுதான் சொல்லும். "பாதை வருது", "பாதை போயிட்டு". யாழ்ப்பாணத்தானுக்கு இது பெரிய பகிடி. "பாதை எப்பிடியடா போகும்?" ஆனால் ஏறினதும் அவனுக்கே விளங்கிற்று. சைக்கிள், மோட்டார் சைக்கிள், அரிசி மூட்டை, சந்தைக்குப் போய்த் திரும்புகிற பெண்கள், அவ்வளவும் ஒரே தட்டில். கமராவோட நிண்டது நாங்கள் மட்டும்தான்.

"எங்க மனே போறீங்க?" எண்டு ஒரு அம்மா கேட்டா.

"சும்மா, சுத்திப் பாக்க."

"சும்மா போறதுக்கா பாதையில ஏறின?" அவ சிரித்ததில் பக்கத்தில் நிண்ட எல்லாருக்கும் சிரிப்பு வந்திட்டு.

மகிழடித்தீவில் தண்ணி கேட்ட வீட்டில் தேத்தண்ணியும் தந்தார்கள். தீவெண்டு ஏன் பேர் எண்டு அந்த வீட்டு ஐயாவைக் கேட்டோம். "மாரிக்கு வாங்க, கேக்கத் தேவல்ல" எண்டார். 2011 சனவரி வெள்ளத்தில் றோட்டு எது வயல் எது எண்டு தெரியாமல் கிடந்ததாம். இன்னொரு காலத்தைப் பற்றியும் கதைத்தார். எழுவான்கரையில் ஆமி, படுவான்கரையில் இயக்கம், நடுவில் வாவி. சவர்க்காரம், பற்றரி கொண்டுபோறதுக்கும் துறையில் மறிப்பு. 1991 யூன் 12ஆம் திகதி அந்த ஊரில் நடந்த கொலைகளைப் பற்றி அவர் அதிகம் சொல்லவில்லை, நாங்களும் தோண்டவில்லை. காலையில் நாங்கள் தாண்டி வந்த குருக்கள்மடத்தில் அதற்கு முந்தின வருசம் ஊர் திரும்பிய முஸ்லிம்கள் கொல்லப்பட்டதையும் திரும்பும் வழியெல்லாம் கதைத்தோம். ஒண்டைச் சொல்லி மற்றதை விடுகிற பழக்கம் ரெண்டு பக்கமும் இருக்கு. எங்களுக்கு அது வேண்டாம்.

2014இல் மண்முனைப் பாலம் திறந்தபிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கம் இருந்த அந்தரம் குறைஞ்சிட்டு எண்டும் ஐயா சொன்னார். தெற்கே போகப்போகக் கதை மாறியது. முனைத்தீவு, போரதீவு தாண்டி மண்டூருக்கு வந்தோம். சின்னக் கதிர்காமம் எண்டு சொல்லுகிற முருகன் கோயிலில் கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் பூசை செய்வார். அதைப் பற்றித் தனியாக எழுதவேணும். இப்போதைக்குத் துறைக்கு வாங்க.

மண்டூரிலிருந்து குருமண்வெளிக்கும் பாதைதான். பட்டிருப்புப் பாலத்தால் சுற்றலாம், ஆனால் பஸ்ஸை நம்பினவருக்கு அரைநாள் போகும். எங்களோடு நிண்ட ரீச்சர் ஒருவர் வருசக்கணக்காக இதில் வந்துபோகிறவர். காற்று பலத்தால் பாதை நிக்கும், அண்டைக்குப் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் பிந்தும். "அதெல்லாம் பழகிட்டு. குறிஞ்சாக்கேணிக்குப் பிறகுதான் புள்ளைகள் ஏறக்குள்ள பயமா இருக்கு" எண்டார். 2021 நவம்பர் 23, கிண்ணியா. புதுப்பாலம் கட்டி முடியாத இடத்தில் ஓடிய பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் செத்த நாள். அப்ப நாங்கள் அந்தச் செய்தியை ஃபேஸ்புக்கில் பகிர்ந்துவிட்டு அடுத்ததுக்குப் போனோம். ரீச்சர் அடுத்தநாளும் பாதையில் ஏறியிருக்கிறார்.

"பாலம் வந்தா நல்லம்தானே?" எண்டு நண்பன் கேட்டான்.

"உங்களுக்கு இது வடிவாத்தான் இருக்கும் தம்பி. எங்களுக்குப் பாலம் வேணும்."

அவன் கமராவைப் பைக்குள் வைத்தான். அங்கால நீர்க்காகம் ஒண்டு கம்பில் செட்டையை விரித்துக் காயவிட்டுக்கொண்டு நிண்டது. பாதை குருமண்வெளியில் முட்டினதும் முதலில் இறங்கினது தயிர் முட்டிகள். ரெண்டு முட்டி நாங்கள் வாங்கினோம். மற்றதெல்லாம் களுவாஞ்சிகுடிச் சந்தைக்குப் போற ஓட்டோவில் ஏறிற்று.