முதலை வாயும் ஏர்போர்ட் வாசலும்

கோயமுத்தூர்க்காரர்கள் தங்கள் ஊரின் பெரிய ரோட்டுக்கே எங்கள் ஊர்ப் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அந்த அவிநாசி ரோட்டை ஒட்டித்தான் பீளமேடு ஏர்போர்ட்! அவிநாசியில் கார் ஏறினால் தெக்கலூர், கருமத்தம்பட்டி, நீலாம்பூர், சின்னியம்பாளையம்... முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். கஷ்டமெல்லாம் ஏர்போர்ட் வாசலைத் தாண்டின பிறகுதான்.

பனியன் தொழிலில் தலையெடுத்து, பிள்ளைகளை சிங்கப்பூருக்கும் ஷார்ஜாவுக்கும் அனுப்பின குடும்பங்கள் இங்கே நிறைய. அங்கே மகளுக்குப் பிரசவம் என்றால் இங்கிருந்து அம்மா தனியாக பிளேன் ஏற வேண்டும். வழியனுப்பப் போகிற நம்மை சி.ஐ.எஸ்.எஃப். காவலர் வாசலிலேயே நிறுத்திவிடுவார்.

எங்கள் வீதி அம்மா ஒருவரைக் கூட்டிப் போனேன். வயது 71, மூட்டு வலி. "வீல்சேர் சொல்லியிருக்குதுங்கம்மா" என்றதும் வந்ததே கோபம்!

"ஏன் கண்ணு, நானென்ன நடக்க மாட்டாதவளா? அவிநாசித் தேர் வடத்தையே இழுத்தவ!"

"அந்தத் தேரே நாலு பேர் இழுத்தாத்தானுங்க நகருது?"

சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

வீல்சேர் என்றால் வெறும் நாற்காலி இல்லை. கூடவே ஓர் ஆள் வருகிறார். செக்-இன், இமிக்ரேஷன், செக்யூரிட்டி எல்லாம் தாண்டி விமானம் வரை கொண்டு விடுகிறார். இறங்கும் ஊரிலும் இப்படியே. ஏர்லைன் பாஷையில் இதில் மூணு தினுசு. படி ஏறுவார், தூரம் நடக்க முடியாது என்றால் 'டபிள்யூ.சி.எச்.ஆர்.' படியும் ஏற முடியாதென்றால் கடைசி எழுத்து 'எஸ்'. சீட் வரைக்குமே உதவி வேண்டுமென்றால் 'சி'. கால் நன்றாயிருந்து பாஷைதான் பயம் என்றால், 'மீட் அண்ட் அசிஸ்ட்' உண்டா, கட்டணம் எவ்வளவு என்று ஏர்லைனில் விசாரியுங்கள்.

இதெல்லாம் வீண் சொகுசு இல்லை சார். 2024 பிப்ரவரி 12-ல் நியூயார்க்கிலிருந்து மும்பை வந்திறங்கினார் 80 வயதுப் பெரியவர் ஒருவர். அவருக்கும் மனைவிக்கும் சேர்த்து ஒரே ஒரு வீல்சேர்தான் வந்தது. மனைவியை உட்கார வைத்துவிட்டு, கூடவே நடந்தார். வழியிலேயே விழுந்தவர் பிழைக்கவில்லை. இன்னொரு வீல்சேர் வரும்வரை காத்திருக்கச் சொன்னோம் என்றது ஏர் இந்தியா. விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 30 லட்ச ரூபாய் அபராதம் போட்டது. போன உயிர் போனதுதான்.

ஆகவே, பிள்ளைகளே! டிக்கெட் போடும்போதே உதவி கேட்டுவிடுங்கள். பிந்தினாலும் 48 மணி நேரம் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும். நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு இதற்குக் கட்டணம் கிடையாது. இரண்டு பேர் போனால் இரண்டு வீல்சேர் சொல்லுங்கள். "ஆள் வராமல் எழுந்து நடக்கக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்புங்கள். இறங்கும் ஊர் விலாசம், மகள் போன் நம்பர் இரண்டையும் கொட்டை எழுத்தில் எழுதி பாஸ்போர்ட்டுக்குள் வையுங்கள். பாசத்தில் பெட்டிக்குள் கொப்பரைத் தேங்காய் மட்டும் வேண்டாம். தீப்பிடிக்கிற சாமான் என்று எடுத்துப் போட்டுவிடுவார்கள்.

முதலை விழுங்கின பிள்ளையை சுந்தரர் பதிகம் பாடி மீட்டார் என்பது எங்கள் ஊர்க் கோயில் வரலாறு. ஏர்போர்ட் விழுங்குகிற அம்மாவை மீட்கப் பதிகமெல்லாம் வேண்டாம். டிக்கெட் போடுகிறபோது ஒரே ஒரு 'டிக்' போதும்!